வேரோடு போன புல்

முஹேயின் கால்சட்டையை அலசியபோது தண்ணீர் கறுப்பாக இறங்கியது. தோய்பா கையை நிறுத்திவிட்டு அந்தத் தண்ணீரையே பார்த்தாள்.

அவர்கள் வயல் செம்மண். வீட்டு வாசலும் செம்மண். மாட்டுக் கொட்டிலிலிருந்து ஊற்றுக்குப் போகிற பாதையும் செம்மண். மழைக்காலம் வந்தால் அவள் வீட்டுத் துணியெல்லாம் செங்கல் நிறத்துக்கு மாறிவிடும். கரிசல் இருப்பது மேட்டு வயல்களுக்குக் கீழே, பள்ளத்துச் சரிவில் மட்டும். அந்தச் சரிவில் ஒரே ஒரு வீடு. லுபாபாவின் வீடு. லுபாபா முஹேயின் முதல் மனைவி.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் பிரிந்தபோது வழக்கப்படி நிலத்தின் நடுவில் கயிறு பிடித்தார்கள். மேல் பாதி முஹேக்கு, கீழ்ப் பாதி லுபாபாவுக்கு. அடுத்த வருஷமே தோய்பா மேல் பாதிக்கு வாழ வந்தாள். லுபாபாவைச் சந்தையிலும் இழவு வீட்டிலும் பார்ப்பாள். தலையசைப்பு உண்டு, பேச்சு கிடையாது.

துணியை உதறியபோது மடிப்புக்குள்ளிருந்து ஒரு புல்வேர் விழுந்தது. வெள்ளையாக, நாலு விரல் நீளம். தோய்பா சட்டென்று அதைக் காலால் மூடினாள். யாரும் பக்கத்தில் இல்லை. இருந்தாலும் மூடினாள். பத்து நாளாக ஊரே தேடிக்கொண்டிருந்தது அந்த வேரைத்தான்.

ஊருக்கு மேலே இருந்த குன்றை ஏழு வருஷமாக அடைத்து வைத்திருந்தார்கள். வொல்லோ மலைநாட்டில் மொட்டைக் குன்றுகளுக்குப் பஞ்சமில்லை. இதுவும் ஒரு காலத்தில் எலும்பு தெரியும் மாட்டைப் போல நின்றதுதான். மாடு ஏறக்கூடாது, விறகு வெட்டக்கூடாது என்று ஊர் கூடி முடிவெடுத்தார்கள். வீட்டுக்கு இத்தனை நாள் என்று முறை வைத்துக் கல் அடுக்கினார்கள், குழி எடுத்தார்கள். மூன்றாம் வருஷம் புல் வந்தது. ஐந்தாம் வருஷம், செத்துப் போயிருந்த ஊற்று மறுபடி கசிந்தது. மழை முடிந்தபின் ஒரே ஒரு நாள் குன்றைத் திறப்பார்கள். சீட்டுப் போட்டுப் பாத்தி பிரித்து, அரிவாளால் மட்டும் அறுத்துக்கொள்ளலாம். தோண்டினால் அந்த வீட்டுக்கு இரண்டு வருஷம் புல் கிடையாது. அந்தப் புல்லை வைத்துத்தான் கோடை முழுக்க மாடு நிற்கும். முஹேக்கு ஒரு எருதுதான். குன்றுக் காவல்காரன் தெமெக்கேயின் எருதோடு சேர்த்து ஏர் பூட்டினால்தான் உழவு. புல் போனால் எருது போகும். எருது போனால் நிலம் இருந்தும் என்ன?

இப்போது யாரோ குன்றின் கிழக்குப் பக்கம் புல்லைத் தூரோடு தோண்டிக்கொண்டு போயிருந்தார்கள்.

"அரிவாளால அறுத்திருந்தா, பசிக்கு அறுத்தான்னு விட்டுடலாம்," என்றாள் வொர்க்கே அன்று மதியம், வறுபடும் காபிக்கொட்டையின் புகையைக் கையால் முகத்துக்கு இழுத்துக்கொண்டே. அவள் தெமெக்கேயின் மனைவி. "இது தூரோட தோண்டியிருக்காண்டி. நூறு குழிக்கு மேல. எங்க வீட்டுக்காரர் பார்த்துட்டு வந்து சாப்பிடவே இல்லை."

"வேரை மாடு தின்னுமா?" என்று கேட்டாள் தோய்பா.

"மாடு தின்னாது. மந்திரக்காரன் தின்னுவான். இல்லேன்னா பொம்பளை விஷயம்."

"புல்லுக்கும் பொம்பளைக்கும் என்னடி?"

"காபி போடுற இடத்துல பச்சைப்புல் பரப்பாம எந்த வீட்ல விருந்தாளியை உட்கார வெக்கிறாங்க? எவனோ எவளையோ பார்க்கப் போறான். வெறுங்கையோட போகக் கூசுறான். அவசரத்துல தூரோட பிடுங்கிட்டுப் போறான்." வொர்க்கே தன் பேச்சுக்குத் தானே சிரித்தாள். "என்னடி, காபி ஆறுது."

தோய்பா குடித்தாள். நாக்கு சுட்டது தெரியவில்லை.

ராத்திரி இஞ்சேரா அப்பத்தை இருவருக்கும் பொதுவான கூடையில் வைத்தபடி, சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டாள்.

"விடியத் தொழுகை முடிஞ்சு எங்க போறீங்க?"

"எருதைப் பார்க்க."

"எருது கொட்டில்ல தானே இருக்கு."

"வயலைப் பார்க்க. மழை இல்லையா? வரப்பு உடைஞ்சா?"

"வரப்பு உடைஞ்சிருந்துச்சா?"

"இல்லை," என்றான் முஹே. பருப்புக் குழம்பில் இஞ்சேராவைத் தோய்த்தவன் அதை வாய்க்குக் கொண்டுபோக மறந்து உட்கார்ந்திருந்தான். பொய் சொல்லப் பழகாத ஆள். ஏழு வருஷ வாழ்க்கையில் அவள் கண்டது அது. பழகாதவன் இப்போது பழகிக்கொண்டிருக்கிறான் என்பதுதான் அவளுக்கு வலித்தது.

புதன்கிழமை அவுச்சாச்சிங். ஒளிந்திருப்பதை வெளியே கொண்டுவரும் கூட்டம். போன புதன் ஒருமுறை கூடியாகிவிட்டது. எல்லோரும் வந்தாக வேண்டும். வராதவனே திருடன் என்று ஊர் எடுத்துக்கொள்ளும். ஒவ்வொருவராக எழுந்து, தெரிந்ததையும் கேட்டதையும் சந்தேகப்படுவதையும் சொல்ல வேண்டும். யாரிடம் கேட்டாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். 'பறவை சொன்னது' என்றால் போதும். ஆனால் தெரிந்ததை மறைத்து, தெரியாது என்று சத்தியம் செய்தால், அந்த வீட்டு அடுப்பு அணையும், விதை முளைக்காது என்பது நம்பிக்கை. போன புதன் தோய்பா மனசாரத் தெரியாது என்று சொல்லி உட்கார்ந்தாள். வருகிற புதன் அப்படிச் சொல்ல முடியாது.

செவ்வாய் விடியற்காலை முஹே கிளம்பியதும் அவளும் கிளம்பினாள்.

பனியில் அவன் போர்வை வெள்ளையாகத் தெரிந்தது. தோளில் ஒரு சாக்கு. வயல் வரப்பைத் தாண்டி, செம்மண் முடிந்து, கரிசல் சரிவில் இறங்கினான். நேராக லுபாபாவின் வீட்டுக் கதவைத் தட்டுவான் என்று எதிர்பார்த்தாள். கதவு திறந்ததும் என்ன பேச வேண்டும் என்றுகூட வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள்.

அவன் கதவைத் தட்டவில்லை. வீட்டுக்கு நூறு அடி மேலே, மழைத் தண்ணீர் அரித்து அரித்து ஆள் உயரத்துக்குப் பிளந்து கிடந்த ஓடைப் பள்ளத்தில் இறங்கினான். சாக்கிலிருந்து புல் தூர்களை எடுத்தான். ஓடையின் குறுக்கே ஒரு வரிசை கல் வைத்து, கல்லுக்குப் பின்னால் தூர்களை நெருக்கி நட்டு, காலால் மிதித்துவிட்டான். ஒவ்வொன்றுக்கும் குனிந்து எழுந்தான். இடையில் இரண்டு தடவை லுபாபாவின் வீட்டைப் பார்த்தான். பார்த்த விதம் காதலனுடையதாக இல்லை. எதிராளி விழித்துக்கொள்வானோ என்று பார்ப்பவனுடையதாக இருந்தது.

வெயில் ஏறுமுன் போய்விட்டான். தோய்பா கள்ளி வேலிக்குப் பின்னாலேயே இருந்தாள். இது என்ன கூத்து என்று அவளுக்குப் புரியவில்லை. ஒருத்தியின் நிலத்தில் திருட்டுப் புல்லை நட்டுவிட்டு, அவளைப் பார்க்காமலே திரும்பிப் போகிறவன் எந்த வகை?

கொஞ்ச நேரத்தில் லுபாபா வெளியே வந்தாள். கையில் மண்வெட்டி. நேராகப் பள்ளத்தில் இறங்கி, அந்தத் தூர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மேலே எறிய ஆரம்பித்தாள்.

தோய்பா தன்னை மறந்தாள். வேலியை விட்டு வெளியே வந்துவிட்டாள்.

"ஏன் பிடுங்குறீங்க?"

லுபாபா நிமிர்ந்தாள். ஐம்பதை நெருங்குகிற பெண், தோளில் வலுவிருந்தது. "ஓ, நீதானா. பத்து நாளா யாருன்னு பார்க்கிறேன். மேல் பாதி பத்தாம கீழ்ப் பாதிக்கும் வந்துட்டியா, பொண்ணே?"

"நான் நடலை."

"நடாதவளுக்கு நான் பிடுங்கினா என்ன? புல்லை வரிசையா நட்டா அது எல்லைன்னு எனக்குத் தெரியாதா? இன்னிக்குப் புல்லு. நாளைக்கு அதுக்குப் பின்னால வேலி. அடுத்த வருஷம் அளக்க வர்றவங்ககிட்ட, இதுவரைக்கும் எங்களோடதுன்னு காட்டுவீங்க. எங்க அண்ணன் ஒரு வரிசைக் கள்ளிக்கு அரைக் காணி தொலைச்சவன். நான் அவன் தங்கச்சி."

அப்போதுதான் தோய்பாவுக்கு விளங்கியது. இவன் விடியலில் நடுகிறான். இவள் வெயில் ஏறியதும் பிடுங்குகிறாள். அவன் மறுநாள் வந்து பார்த்து, வெள்ளம் கொண்டுபோனது என்றோ ஆடு மேய்ந்தது என்றோ நினைத்துக்கொண்டு, மறுபடி குன்றுக்குப் போய்த் தோண்டுகிறான். நூறு குழி அப்படித்தான் வந்தது.

"இந்தப் பள்ளம் எப்ப விழுந்துச்சு?" என்று கேட்டாள்.

"உன் புருஷனைக் கேளு. என்னைப் பிரிஞ்ச வருஷம் மேல் வயல்ல ஒரு வடிகால் வெட்டினான். அவன் வயல் தண்ணி பூரா என் தலையில வந்து விழுற மாதிரி. கோபம் தலைக்கேறினா அவனுக்கு மண்வெட்டிதான் வாய். இப்ப பாரு." லுபாபா கையை நீட்டினாள். பள்ளத்தின் நாக்கு அவள் கொட்டில் சுவரை எட்டியிருந்தது. ஒரு மூலை தொங்கிக்கொண்டிருந்தது. "அடுத்த பெருமழைக்குக் கொட்டில் போயிடும். இதுல எல்லை வேற போட வந்துட்டீங்க."

பிடுங்கிய புல்லை அவள் கன்றுக்குட்டிக்கு வாரிக்கொண்டு போனாள். கொட்டில் கூரைமேல் முந்தைய நாட்களின் தூர்கள் வேரோடு காய்ந்து கிடந்தன. தோய்பா அதைப் பார்த்தாள். நட்டவன் யார் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

வீடு வரும்வரை மனசு இரண்டு பக்கமும் இழுத்தது. வேறொருத்தி மேல் ஆசை இல்லை என்பது ஒரு நிம்மதி. ஆனால் நிலத்தையே பிளக்கிற அளவுக்கு ஒரு பெண்மேல் கோபம் வந்திருக்கிறது என்றால், அந்தக் கோபத்துக்கு அடியில் எவ்வளவு கிடந்திருக்கும்? தன்மேல் முஹே ஒருநாளும் அப்படிக் கோபப்பட்டதில்லை. அது நல்லதா கெட்டதா என்று முதல் முறையாக யோசித்தாள்.

அவனே சொல்லட்டும் என்று சாயங்காலம் முழுக்கக் காத்திருந்தாள். எருதின் குளம்பைச் சுத்தம் செய்தான். பக்கத்து வீட்டுக் கோழியை விரட்டினான். சொல்லவில்லை.

"நாளைக்குக் கூட்டத்துல என்ன சொல்லப் போறீங்க?"

"என்ன சொல்ல. தெரியாதுன்னுதான்."

"சத்தியம் பண்ணி?"

"எல்லாரும் பண்றதுதானே," என்றான், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

புதன்கிழமை பெரிய அத்திமரத்தடியில் ஊர் கூடியது. ஷேக் அராகாவும் தேவாலயத்துப் பாதிரியாரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். ஒவ்வொருவராக எழுந்தார்கள். தெரியாது. கேட்கலை. தெரியாது. ஒரு கிழவர் எழுந்து, "எனக்குப் பறவையெல்லாம் வர்றதில்லை. எங்க வீட்டுக்குக் கொசுதான் வருது," என்றார். கொஞ்சம் சிரிப்பு வந்தது. ஷேக் சிரிக்கவில்லை.

பிறகு தெமெக்கே எழுந்தான்.

"என்கிட்ட ஒரு பறவை சொல்லுச்சு. லுபாபா வீட்டுக் கொட்டில் கூரையில வேரோட புல் காயுதாம்."

எல்லாத் தலையும் திரும்பின. லுபாபா எழுந்து நின்றாள். முந்தானையை இறுக்கிக்கொண்டாள்.

"காயுது. ஒளிச்சா வெச்சேன்? என் நிலத்துல யாரோ வரிசையா நட்டாங்க. எல்லை போடுறாங்கன்னு பிடுங்கினேன். என் நிலத்துல முளைச்சதைப் பிடுங்க யாரைக் கேக்கணும்?"

"திருடன் புல்லைத் திருடி உனக்குப் பரிசா நட்டுட்டுப் போறானா?" என்று பின்னாலிருந்து ஒருவன் கேட்டான். "எங்க வீட்டுக்கும் அந்தத் திருடனை அனுப்பு அக்கா. கோதுமை நடட்டும்."

இந்த முறை சிரிப்பு பலமாக வந்தது. லுபாபா அவன் பக்கம் திரும்பி, "உன் வீட்டுக்குத் திருடன் எதுக்கு? நீயே இருக்கியே," என்றாள். ஆனால் குரல் நடுங்கியது. தனியாக வாழ்கிறவள். அவளுக்காகப் பேச ஆள் இல்லை.

தோய்பா ஆண்கள் பக்கம் பார்த்தாள். முஹேயின் முகம் வெளுத்திருந்தது. தான் நட்டதை வெள்ளம் கொண்டுபோகவில்லை, இவள்தான் பிடுங்கினாள் என்று அவனுக்கு இப்போதுதான் தெரிகிறது. அவன் எழுந்துவிடுவான் என்று நினைத்தாள். அவன் முழங்காலில் கை ஊன்றினான். பிறகு அவளைப் பார்த்தான். அந்தப் பார்வை அவளுக்கு விளங்கியது. இரண்டு வருஷத்துப் புல், ஒற்றை எருது, நீ. அதையெல்லாம் எண்ணிவிட்டு அவன் கையை எடுத்துக்கொண்டான்.

ஷேக் கேட்டார். "வேற யாருக்காவது பறவை ஏதாவது சொல்லுச்சா? இல்லேன்னா இந்தப் பொம்பளை பேரைச் சொல்லி முடிக்கப் போறோம்."

பேசாமல் இருந்தால் எல்லாம் மிஞ்சும். எருது மிஞ்சும், வீட்டு மானம் மிஞ்சும். சரிவில் இருக்கிறவள் ஊரை விட்டே போகக்கூடும். ஏழு வருஷமாக அவள் மனசின் ஓரத்தில் கிடந்த ஆசைதான் அது. இப்போது கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. அதன்பின் ஒவ்வொரு நாளும், ஒரு பெண்ணைத் தன் பழிக்குப் பலி கொடுத்தவனோடு அவள் ஒரே கூடையில் சாப்பிட வேண்டும். அப்படிச் செய்ய முடிந்தவன் நாளைக்கு யாரைக் கொடுப்பான்?

தோய்பா எழுந்தாள்.

"பறவை சொல்லலை, ஷேக். என் கண்ணு பார்த்துச்சு. நட்டது முஹே. என் வீட்டுக்காரர்."

முஹே மெல்ல எழுந்து நின்றான். அவளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடியே வடிகாலைப் பற்றிச் சொன்னான். எட்டு வருஷத்துக்கு முன்னால் எந்த மாதம் வெட்டினான், எவ்வளவு ஆழம் என்பது வரை. இந்த மழைக்குக் கொட்டில் சுவர் தொங்குவதைப் பார்த்தபின் தூக்கம் வரவில்லை என்றான்.

"அடப்பாவி," என்றான் தெமெக்கே. "என்னோட சேர்ந்து ஏர் பூட்டுறவன் நீ. கேட்டிருந்தா கூட்டத்துல சொல்லி நாலு சாக்குத் தூர் வாங்கிக் கொடுத்திருப்பேனே."

"கேட்டா எதுக்குன்னு கேப்பீங்க," என்றான் முஹே. "எதுக்குன்னு சொன்னா வடிகாலைச் சொல்லணும்."

"புல்லை நட்டியே, வடிகாலை ஏன் மூடலை?" என்று கேட்டாள் லுபாபா, சத்தமாக. "மேல தொறந்து விட்டுட்டுக் கீழ நட்டா நிக்குமா? அப்பவும் உனக்கு அரை வேலைதான் தெரியும்."

"மூடினா தோய்பா ஏன்னு கேப்பா," என்றான். இந்த முறை சிரித்தது பாதிரியார்தான். உடனே இருமலாக மாற்றிக்கொண்டார்.

தீர்ப்பில் இரக்கம் இருக்கவில்லை, அநியாயமும் இருக்கவில்லை. இரண்டு வருஷம் அந்த வீட்டுக்குக் குன்றுப் புல் கிடையாது. தோண்டிய குழி ஒவ்வொன்றிலும் முஹே பக்கத்துத் தூரைப் பிரித்து நட வேண்டும். வடிகாலை இன்றே மூடத் தொடங்க வேண்டும். லுபாபாவின் பள்ளத்துக்கு வேண்டிய தூரைக் கூட்டமே காவல்காரன் முன்னிலையில் கொடுக்கும். அவள் இனிப் பிடுங்கக்கூடாது. குழிகள் பச்சை பிடிக்கும்வரை முஹே வீட்டில் வெளியார் யாரும் காபி குடிக்கக்கூடாது.

வீட்டுக்குப் போகிற வழியில் முஹே பத்தடி பின்னால் வந்தான்.

"எருதை விக்கணும்," என்றான் கடைசியில்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா சொன்னே?"

"நீங்க சொல்வீங்கன்னு பார்த்தேன். கையை ஊனுனீங்க. அப்புறம் எடுத்துட்டீங்க. அதை நான் பார்த்தேன்."

வயலுக்கு வந்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வடிகாலுக்குள் இறங்கினான். அவளும் கூடையோடு இறங்கினாள். பொழுது சாயும்வரை இருவரும் மண் தள்ளினார்கள். மூடிய இடத்தில் தண்ணீர் திரும்பி அவர்கள் பார்லிக்குள்ளேயே குளம் கட்டியது.

அன்று அவள் இரண்டு பேருக்கு மட்டும் காபி வைத்தாள். அடுப்பில் பானை பொங்கும்போது வெளியே கோல் தட்டும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். வடிகால் கரையில் லுபாபா நின்று மூடிய மண்ணைக் கோலால் குத்திக்கொண்டிருந்தாள்.

"உள்ள வரமாட்டேன்," என்றாள் லுபாபா. "கூட்டம் வேண்டாம்னிருக்கு. வடிகாலைப் பார்க்க வந்தேன். பாதிதான் மூடியிருக்கு."

"மீதி நாளைக்கு."

"நாளைக்கு வந்து பார்ப்பேன்."

"வாங்க. அவர் வீட்ல இல்லாத நேரமா வாங்க."

லுபாபா கோலை ஊன்றிக்கொண்டு அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அவனை வேண்டாம்னு விட்டது நான், பொண்ணே."

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"சந்தேகம் இருக்கட்டும். இருந்தாத்தான் நிலம் நிக்கும்," என்று சொல்லிவிட்டு லுபாபா சரிவில் இறங்கினாள். இறங்கும்போது இரண்டு தடவை திரும்பி வடிகாலைப் பார்த்தாள்.

தோய்பா உள்ளே வந்தாள்.

"யாரு?" என்றான் முஹே.

"வடிகாலைப் பார்க்க வந்தாங்க."

"என்ன சொன்னா?"

அவன் அதைக் கேட்ட விதத்தைத் தோய்பா மனசுக்குள் ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். அப்புறம் அவன் கோப்பையை எடுத்து நிரப்பினாள்.

"பாதிதான் மூடியிருக்காம். குடிங்க. விடிஞ்சதும் நானும் வர்றேன்."